கிட்டே இழுத்த குழல்

நெடுங்கழி ஊரின் கடைசித் தெருவில், தண்ணீரைப் பார்த்து வாசல் வைத்த வீடு ஒன்றில் குடியிருந்த சவரிநாயகம், தம்முடைய அறுபத்தாறாவது வயதில் ஒரு சாயங்காலம், உப்பங்கழியின் நடுத்திட்டில் உட்கார்ந்திருந்த கூழைக்கடாப் பறவை ஒன்றைக் கேமராவின் குழல் முழுவதையும் நீட்டிப் படம் எடுத்தார். மறுநாள் விடியும்போது அந்தக் கூழைக்கடா அவர் தெருவின் குடிநீர்க் குழாய் மேடைமீது உட்கார்ந்திருந்தது. குடத்தோடு வந்த பெண்கள் அது நகரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தார்கள். நகரவில்லை. ஏழு மணிக்குத் தண்ணீர் நின்றுவிடும் என்பதால், அதன் வாலுக்குக் கீழே குடத்தைச் செருகிப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

படம் எடுக்கிற வேலை அவருக்கு மருமகனால் வந்தது. குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்த டோமினிக், மாமனார் வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவர் எல்லாரையும் முறைத்துக்கொண்டிருப்பதைப் பத்து நாள் பார்த்துவிட்டு, தான் ஆசையாக வாங்கி அலுத்துப்போன கேமராவையும் அதன் அறுநூறு மில்லிமீட்டர் ஜூம் லென்ஸையும் அவர் மடியில் வைத்து, "மாமா, மனுஷங்களை விட்டுட்டுப் பறவையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான். அந்த லென்ஸைச் சவரிநாயகம் குழல் என்றே சொன்னார். கைக்குழந்தை கனம் இருந்தது. ஒரு கவட்டைக் கம்பை வெட்டி, கவட்டையில் பழைய பனியனைச் சுற்றி, அதன்மேல் குழலைப் படுக்கவைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு பொத்தானை அழுத்தப் பழகினார். மாவட்டத்தில் இருந்த பறவைப் படக்காரர்களின் வாட்ஸப் குழுவிலும் அவரைச் சேர்த்துவிட்டுத்தான் மருமகன் போயிருந்தான். அவர்கள் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: "கண்ணு கூர்மையா விழணும்ணே. கண்ணு விழுந்துட்டா மத்தது எப்படிப் போனா என்ன."

கண்ணைத்தான் பார்த்தார். கண்ணைப் பார்க்கப் போய் எல்லாவற்றையும் பார்த்தார். தூரத்தில் பூத்துக் கிடந்த மாதிரி தெரிந்த பறவைகள் குழலுக்குள் வந்ததும், ஒன்றின் அலகுப் பையில் பேன் ஊர்ந்தது. ஒன்று அழுகிய எலியைத் தண்ணீரில் அலசி விழுங்கியது. மஞ்சள் மூக்கு நாரை வெயில் தாங்காமல் தன் காலின்மேலேயே கழிந்துகொண்டு, வெள்ளை பூசிய காலோடு சாமி மாதிரி நின்றது. சீ என்றார் சவரிநாயகம். சீ என்று சொல்லிக்கொண்டே அடுத்ததை எடுத்தார். உலகம் நாறிக் கிடக்கிறது என்று இத்தனை காலம் தாம் சொல்லிவந்ததற்கு ஒரு கருவி சாட்சி சொல்ல வந்த மாதிரி இருந்தது.

குழல் எவ்வளவு கிட்டே காட்டியதோ அவ்வளவு கிட்டே வந்து நின்றது, எடுத்த பொருள். வந்தது வந்ததுதான், திரும்பிப் போகவில்லை. கூழைக்கடாவுக்குப் பிறகு நாரைகள் வந்தன, கூரைமேல் நின்று கழிந்தன; துணி உலர்த்துகிறவர்கள் குடை பிடித்துக்கொண்டு உலர்த்தினார்கள். இது சவரிநாயகத்தின் வேலை என்று தெரிய ஒரு வாரம் ஆயிற்று. தெரிந்ததும் ஊர் அவரிடம் வந்தது. ரேஷன் கடை ஒன்றரை மைல் தள்ளி, வெயிலில் நடந்தால் அரிசி வாங்கி வருவதற்குள் கண்ணைக் கட்டும்.

"சவரிண்ணே, அந்தக் கடையை ஒரு கிளிக்கு போட்டுடேன்."

"அது என்ன பறவையா?"

"பறவைக்குத்தான் போடுவியாக்கும். பெரிய இவரு."

மாடியில் ஏறி, கவட்டைக் கம்பை ஊன்றி, ரேஷன் கடையை எடுத்தார். மறுநாள் அது தெருமுனையில், வரிசையில் நின்றவர்களோடு சேர்த்து இருந்தது. எடைபோடுகிறவர் மட்டும், மின்சாரம் எந்த இணைப்பில் வருகிறது என்று கேட்டார். அடுத்து ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது. உள்ளே இருந்த நர்ஸ் ஜன்னலைத் திறந்து கழியைப் பார்த்து, "இங்க கொசு அதிகமோ" என்று கேட்டுவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். பேரூராட்சிக் கூட்டத்தில், இனிமேல் சவரிநாயகம் எதையும் எடுப்பதற்கு முன்னால் வார்டு உறுப்பினரிடம் சொல்ல வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அவர் சொல்லவில்லை. வார்டு உறுப்பினரோடு அவர் பேசுவதில்லை.

அவர் பேசாதவர்கள் நிறையப் பேர். பங்குச்சாமியாரோடு பேசுவதில்லை, ஏனென்றால் பூசையில் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வைக்கும்போது சாமியார் அவர் இருந்த பெஞ்சைப் பார்த்து வைத்தார். தையல்காரரோடு பேசுவதில்லை, மகள் கல்யாணத்துக்குத் தைத்த சட்டையில் காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. மனைவி பிலோமியோடு பேசினார், ஆனால் அதிலும் பாதி உறுமல்.

தப்பு நடந்தது ஒரு கருந்தோள் பருந்தால். மாடியிலிருந்து மேற்கே, தந்திக்கம்பத்தின் உச்சியில் அது உட்கார்ந்து ஓணானைக் கிழித்துக்கொண்டிருந்தது. சிவப்புக் கண். அந்தக் கண் ஊசிமுனையாக விழுந்தது. பின்னால் இருந்ததெல்லாம் பச்சையும் பழுப்புமாகக் கரைந்து பட்டுத்துணி மாதிரி இருந்தது. வாட்ஸப் குழுவில் முதல் தடவையாக எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். பின்னால் இருப்பது மங்கிவிட்டால் அது இல்லை என்றுதான் அவரும் நினைத்தார், படம் எடுக்கப் பழகுகிற எல்லாரும் நினைக்கிற மாதிரி. விடிந்ததும் பருந்து வந்திருந்தது. பருந்துக்குப் பின்னால் மங்கலாக இருந்த பேரூராட்சிக் குப்பைமேடும் வந்திருந்தது. வீடுகளின் முதுகை ஒட்டி, ஓட்டுக்கூரைக்கு மேலே இரண்டு ஆள் உயரம், புகைந்துகொண்டு, மீன்செதிளும் கோழிக்குடலும் குழந்தைகளின் மலத்துணியும் பிதுங்கிக்கொண்டு நின்றது. நாய்களும் வந்திருந்தன.

தெரு மூன்று நாள் வாந்தி எடுத்தது. நாலாம் நாள் பழகிவிட்டது. குப்பை டிராக்டருக்கு வேலை மிச்சம் என்று சுகாதார ஆய்வாளர் சந்தோஷப்பட்டார். பெண்கள் குப்பையைச் சமையலறை ஜன்னல் வழியே நேராக வீசினார்கள். மேட்டின் நிழல் விழுகிற இடத்தில் ஒருவர் டீக்கடை போட்டார், கூட்டம் வந்தது. சவரிநாயகம் மட்டும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அலைந்தார்.

"என்னா வால்வு, நீ இழுத்துட்டு வந்ததுதானே? இப்ப மூக்கைக் கட்டினா?" என்றார் டீக்கடைக்காரர்.

வால்வு. அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் காது மடல் சிவக்கும். அது அவர் பெயர். இருபத்திரண்டு வருஷமாக ஊரில் அவரைச் சவரிநாயகம் என்று முழுசாகச் சொன்னவர்கள் குறைவு. வால்வு சவரி என்றால்தான் தெரியும். ஐஸ் கம்பெனியில் அவரும் பெர்க்மான்ஸும் மாற்றி மாற்றி ஷிப்டு பார்த்தார்கள், ஒரே தட்டில் சோறு தின்றார்கள். ஒருநாள் மதியம் ஷிப்டு மாறுகிற நேரத்தில் அமோனியா வாயுவின் வால்வைச் சரியாக மூடாமல் பெர்க்மான்ஸ் டீ குடிக்கப் போனான். பக்கத்துக் கொட்டகையில் இறால் உரித்துக்கொண்டிருந்த நாலு பெண்களின் கண் எரிந்து, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். விசாரணையில் பெர்க்மான்ஸ், ஷிப்டு அதற்குள் மாறிவிட்டது, வால்வு சவரி கையில் இருந்தது என்றான். சவரிக்கு வேலை போயிற்று, பெயர் வந்தது. அந்த மாசமே பெர்க்மான்ஸ் கழிக்கு அக்கரையில் வெள்ளைத்திட்டுக்குக் குடிபோய்விட்டான். அவன் இருக்கிற கரையை மிதிப்பதில்லை, அவனாக இந்தத் தெருவுக்கு வந்து, எல்லார் முன்னாலும் நின்று, நான்தான் என்று சொல்ல வேண்டும், அது நடக்காமல் என் கட்டை வேகாது என்று சவரிநாயகம் அன்றைக்குச் சொன்னார். நாங்கள் புதைப்போம், வேகவைக்க மாட்டோம் என்று பிலோமி அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

இத்தனை நாளும் அவர் குழலை அக்கரைப் பக்கம் திருப்பவில்லை. திருப்பினாலும் பலன் இல்லை. நாலு கிலோமீட்டர் தண்ணீர், வெயில் ஏறிவிட்டால் ஆவியில் எல்லாம் நெளியும். ஐப்பசியில் இரண்டு நாள் மழை அடித்து ஓய்ந்த ஒரு காலையில், காற்று கழுவிவிட்ட கண்ணாடியாக நின்றபோது, அவர் கை தானாகத் திரும்பியது. வெள்ளைத்திட்டின் கரையில் ஒருவன் குந்தி உட்கார்ந்து, விரலை அடித்தொண்டை வரைக்கும் விட்டுப் பல் துலக்கிக்கொண்டிருந்தான். கிழடு தட்டிப் போயிருந்தான். ஓங்கரித்து, கோழையை இழுத்து, தண்ணீரில் துப்பினான். துப்பியது மிதந்ததும் தெரிந்தது. பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அவன் வீடு.

"வாடா" என்றார் சவரிநாயகம். மூச்சை அடக்கினார். அழுத்தினார்.

விடிந்தபோது பெர்க்மான்ஸின் வீடு அவர் வீட்டுப் பக்கச்சுவரை ஒட்டினாற்போல் நின்றது. இரண்டு ஜன்னலும் நேருக்கு நேர், நடுவில் ஒரு முழம். பெர்க்மான்ஸ் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான், தெருவைப் பார்த்தான், கூழைக்கடாவைப் பார்த்தான், குப்பைமேட்டைப் பார்த்தான். பிறகு கோலம் போட்டுக்கொண்டிருந்த பிலோமியிடம், "தங்கச்சி, இங்க தண்ணி எப்ப விடறான்?" என்றான்.

"ஆறரைக்குண்ணே. ஏழுக்கு நிறுத்திடுவான்."

"அப்ப குளிச்சிடலாம்" என்று உள்ளே போனான்.

சவரிநாயகம் கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தார். வந்துவிட்டான், இனி சொல்வான். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று, அவன் எல்லாம் சொன்னான், அதை மட்டும் சொல்லவில்லை. பெண்டாட்டி செத்ததைச் சொன்னான், மூலம் வந்து அறுத்ததைச் சொன்னான், அறுத்த இடம் இன்னும் ஆறவில்லை என்பதையும் ஜன்னல் வழியே விலாவாரியாகச் சொன்னான். மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டு ஜன்னல் கட்டையில் வைத்தான். சவரிநாயகம் கண் திறந்ததும் அதுதான் அவரைப் பார்த்துச் சிரித்தது. அவன் விடுகிற காற்று இங்கே வந்தது, அவன் சுடுகிற கருவாடு இங்கே வந்தது, அவன் கொப்பளிக்கிற சத்தத்தில் இவர் குடித்த காப்பி நெஞ்சுக்குழியில் நின்றது. இருபத்திரண்டு வருஷம் தூரத்தில் வைத்து அவர் வெறுத்தது நிமிர்ந்து நிற்கிற ஒரு எதிரியை. வந்து சேர்ந்தது சீழும் சளியும் நிறைந்த ஒரு பை. இதைப் போயா வெறுத்தோம் என்று அவருக்குத் தம்மேலேயே குமட்டிக்கொண்டு வந்தது. தெருவோ இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கதவு எண்ணைக் கொடுத்து, தபாலைப் பொதுவாகப் போட ஆரம்பித்துவிட்டது. பிலோமி மீன்குழம்பை ஜன்னல் வழியே நீட்டினாள்.

மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, பெர்க்மான்ஸ் தன் கட்டிலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தான். மஞ்சள் பாரித்த நகத்துண்டு ஒன்று தெறித்து, ஒரு முழத்தைத் தாண்டி, சவரிநாயகத்தின் காப்பி டம்ளரில் விழுந்தது.

"சீ! எடு அதை!"

"நகம்தானேடா." அவன் நிமிராமல் அடுத்த விரலுக்குப் போனான். "டே சவரி, அன்னைக்கு அந்த வால்வு நான் மூடாமப் போனதுதான். உனக்குத் தெரியுமில்ல?"

உப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரல். அவ்வளவுதான்.  சவரிநாயகம் பாய்ந்துபோய்க் கேமராவை எடுத்துவந்து, குழலை ஜன்னலில் வைத்தார். குரல் படத்தில் பதியாது என்று தெரியாதவர் அல்ல அவர். ஆனால் நான் என்று திறந்த வாய், அந்த வாய்க்கு மேலே அந்தக் கண், அது போதும், ஊருக்குக் காட்ட.

"இன்னொரு தரம் சொல்லு."

"நான்தான்."

குழலின் உள்ளே மோட்டார் கர்ரென்று முன்னால் ஓடியது, பின்னால் ஓடியது, மறுபடி முன்னால் ஓடியது. வெறும் பழுப்பு மங்கல். நாலு கிலோமீட்டரில் மிதந்த கோழையைக் காட்டிய குழலுக்கு ஒரு முழத்தில் இருக்கிற மூஞ்சி தெரியவில்லை. இது தூரத்துக்கு என்று செய்த கருவி. குறைந்தது ஏழெட்டு அடியாவது தள்ளி நின்றால்தான் எதுவும் விழும்.

"கொஞ்சம் பின்னாடி போடா."

"இருபத்திரண்டு வருஷம் பின்னாடிதானே இருந்தேன். அப்ப எடுத்திருக்கக் கூடாதா?"

"வாசலுக்கு வா. வந்து ஊரைக் கூப்பிட்டுச் சொல்லு."

பெர்க்மான்ஸ் அலுத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றான். சவரிநாயகம் தெருவில் இறங்கி, தம் வாழ்நாளில் முதல்முறையாகக் கூவி ஆட்களைக் கூப்பிட்டார். டீக்கடைக் கூட்டம் வந்தது, குழாயடி வந்தது, பக்கத்துக் கொட்டகையில் இறால் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அந்த நாலு பேரில் ஒருத்தியான மரியபுஷ்பமும் வந்தாள். அவளுக்கு அன்றைக்கு எரிந்த வலது கண் இன்றைக்கும் ஓயாமல் ஒழுகும்.

"கேளுங்க எல்லாரும்! இவன் வாயால கேளுங்க!"

"வால்வை விட்டது நான்தான்" என்றான் பெர்க்மான்ஸ், இடுப்பைச் சொறிந்துகொண்டு.

 டீக்கடைக் கூட்டத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

"இதுக்கா கூப்பிட்ட?" என்றாள் மரியபுஷ்பம். "அங்க இறாலு வெயிலேறுது."

"உனக்குக் கண்ணு போச்சேடி, அவனாலதான்கிறான்!"

"அது அன்னைக்கே தெரியும். எங்க கண்ணு எரியறப்போ நீ அப்பத்தான் வந்து, கம்பெனி கேட்டுல சைக்கிளைப் பூட்டிக்கிட்டு இருந்தே. நாலு பேரும் பார்த்தோம்."

"பார்த்தீங்களா?" சவரிநாயகத்தின் குரல் கீழே போயிற்று. "அப்ப விசாரணையில ஏன் சொல்லலை?"

அவள் ஒழுகுகிற கண்ணை முன்கையால் துடைத்தாள். "நீ எங்களை என்னானு கூப்பிடுவே, நினைவிருக்கா? நாத்தம். ஏ நாத்தம், தள்ளி நில்லு. ஐஸ் வாங்க வந்து நின்னா, நாங்க நின்ன இடத்துல பினாயில் ஊத்திக் கழுவுவே. நாங்க பார்த்துக்கிட்டு இருக்கும்போதே ஊத்துவே. எங்ககூட இருந்த பிரகாசி, வயித்துல பிள்ளையோட அந்த ஈரத்துல வழுக்கி விழுந்தா. நீ அந்த இடத்தையும் கழுவினே."

"அதுக்காக..."

"அதிகாரி வந்து யாருனு கேட்டாரு. நாங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். தெரியாது சாருனு சொன்னோம். அவ்வளவுதான்."

பெர்க்மான்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிலோமி வாசற்படியில் நின்றாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை என்பதைச் சவரிநாயகம் பார்த்தார். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

என்ன செய்வது என்று தெரியாததால், செய்ய வந்ததையே செய்தார். குழலைக் கண்ணுக்கு வைத்தார். மங்கல். ஒரு எட்டு பின்னால் வைத்தார். இன்னொரு எட்டு. கண்ணைக் குழலிலிருந்து எடுக்காமல், எடுத்தால் எல்லாரையும் வெறும் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதால், பின்னாலேயே நடந்தார். தெருவைத் தாண்டினார், வலை உலர்த்துகிற மணலைத் தாண்டினார், கழியின் ஓரத்துச் சேற்றில் இறங்கினார், முழங்கால், தொடை, இடுப்பு என்று தண்ணீர் ஏறியது. முகம் எப்போதோ தெளிந்துவிட்டது. ஆனால் ஒரு முகத்தை மட்டும் தனியாகப் பிடிக்க முடியவில்லை. பெர்க்மான்ஸின் தோள்மேல் மரியபுஷ்பம் உட்கார்ந்த மாதிரி இருந்தாள், அவள் தலைமேல் பிலோமி, பிலோமியின் முதுகில் குப்பைமேடு, அதன் உச்சியில் நாரைகள். முன்னது பின்னது என்று இல்லாமல் எல்லாமே ஒன்றின்மேல் ஒன்று நசுங்கி, ஒரே சதையாக, ஒவ்வொரு கண்ணும் ஊசிமுனையாக, காலை வெயிலில் அவரைப் பார்த்து நின்றது. அழுத்தினால் அத்தனையும் விடிவதற்குள் வந்துவிடும், இடுப்புத் தண்ணீரில் அவர் மார்போடு ஒட்டிக்கொள்ளும். ஒழுகுகிற அந்தக் கண் குழலுக்குள் இமைத்தது. அதன் ஓரத்தில் பீளை காய்ந்திருந்தது.

விரலை எடுத்தார்.

"ஊத்தினேன்!" என்று கத்தினார்.  "பினாயில் ஊத்தினது நான்தான்!"

கரையில் தலைகள் ஒன்றை ஒன்று திரும்பிப் பார்த்துக்கொண்டன. அவர் சொன்னதைக் காற்று எதிர்ப்பக்கம் அள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும். மரியபுஷ்பம் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக் காட்டினாள்.

"என்னா சொல்ற? ஒண்ணும் கேக்கலை! கிட்ட வந்து சொல்லு!"

சவரிநாயகம் இடதுகாலை இழுத்தார். சேறு செருப்பை வைத்துக்கொண்டு காலை மட்டும் விட்டது. விட்ட இடத்திலிருந்து கொப்புளம் கொப்புளமாக, அழுகிய முட்டை நாற்றம் எழுந்து முகத்தில் அடித்தது. "சீ, கருமம்" என்று சொல்லிக்கொண்டே அந்தக் காலை முன்னால் எடுத்து வைத்தார்.